‘ஆயிற்று’ என்பதும் ‘செய்தேன்’ என்பதும்: ‘சம்ஸ்கார’ நாவலிலும் திரைப்படத்திலும் வினைமுதலும் அறப்பொறுப்பும்

1. முன்னுரை

மனித இயல்பையும் ஒழுக்கத்தையும் சமுதாயத்தையும் நாவலும் திரைப்படமும் எவ்வாறு ஆராய்கின்றன என்னும் வினாவைத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் கதைப்பொருள், பாத்திரப் படைப்பு, உத்தி ஆகியவற்றின் அடிப்படையில் அணுகுவர். படைப்பு எழுதப்பட்ட மொழியின் இலக்கண அமைப்புக்கும் அவ்வாராய்ச்சியில் பங்கு உண்டு. ஒரு செயலைச் செய்தவர் இன்னார் எனக் கூறியே தீரவேண்டுமா, கூறாது விடலாமா என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் வரையறுத்துக்கொள்கிறது. செய்தவரைச் சுட்டும் முறையில் பொறுப்பைச் சுட்டும் முறையும் அடங்கியுள்ளது. ஆகவே அறச்சிக்கலை மையமாகக் கொண்ட ஒரு நாவல் வேறொரு மொழிக்கோ திரைக்கோ பெயரும்பொழுது அச்சிக்கலின் வடிவமே மாறக்கூடும்.

இதற்குத் தக்க சான்றாக அமைவது யு. ஆர். அனந்தமூர்த்தியின் (1932–2014) ‘சம்ஸ்கார’ என்னும் கன்னட நாவல். 1965இல் வெளிவந்த இந்நாவல் 1970இல் பட்டாபிராம ரெட்டியின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று, 1976இல் ஏ. கே. இராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கன்னடம், ஆங்கிலம், திரை ஆகிய மூன்று வடிவங்களிலும் கதை ஒன்றே. எனினும் ‘செய்தவர் யார்?’ என்னும் வினா மூன்றிலும் ஒரே விதமாக எழவில்லை என்பதையும், அவ்வேறுபாடு தமிழில் மொழிபெயர்ப்போருக்குக் கற்பிப்பது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தலைப்புச் சொல்

‘சம்ஸ்கார’ என்னும் வடசொல் ‘செய்’ என்று பொருள்படும் ‘க்ரு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. கர்மம், கிரியை ஆகிய சொற்களுக்கும் அடி இதுவே. நன்கு செய்தல், செப்பஞ்செய்தல், திருத்துதல், பண்படுத்துதல், பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகள், இறுதிச் சடங்கு, முற்பிறவிச் செயல்கள் உள்ளத்தில் பதித்த தடம் எனப் பல பொருள்கள் இதற்கு உண்டு. இராமானுஜன் தம் மொழிபெயர்ப்பில் தலைப்பை மாற்றவில்லை. ‘இறந்த மனிதனுக்கு ஒரு சடங்கு’ எனப் பொருள்படும் துணைத்தலைப்பைச் சேர்த்ததோடு, கிட்டலின் கன்னட–ஆங்கில அகராதி (1894) தரும் பொருள்களை நூலின் முகப்பில் அமைத்தார். ஒரு சொல்லை மொழிபெயர்க்க முடியாதபொழுது அதன் பொருட்பரப்பு முழுவதையும் வாசகர் முன் விரித்துவைக்கும் வழி அது.

தமிழ் மொழிபெயர்ப்பாளரின் நிலை இதனினும் சிக்கலானது. ‘சம்ஸ்காரம்’ என்னும் வடிவம் தமிழிலும் உண்டு; ஆனால் வழக்கில் அது பெரும்பாலும் பிணத்துக்குச் செய்யும் கிரியையையே குறிக்கிறது. பண்பட்ட தன்மை என்னும் பொருளுக்குத் தமிழர் பண்பாடு, பக்குவம் முதலிய சொற்களையே நாடுகின்றனர். இனமொழிகளில் வடிவொத்த சொல் கையருகே கிடைப்பது உதவியாகத் தோன்றினும், பொருட்பரப்பில் பாதி அறியாமலே நழுவிவிடும். நாவலோ அவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் நிற்பதை நம்பியே கட்டப்பட்டுள்ளது. இறந்தவனுக்குச் சம்ஸ்காரம் செய்ய வேண்டியவர்களிடம் சம்ஸ்காரம் உண்டா என்பதே அதன் உள்வினா.

3. நிரப்பப்படாத இடம்

தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் தொழில் முதனிலைகள் எட்டு எனக் கூறுகிறது. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. வழக்கில் இவற்றுள் சில வெளிப்படாது குறைவதும் உண்டு என அடுத்த நூற்பா உடன்படுகிறது. 1968இல் சார்லசு பில்மோர் வகுத்த வேற்றுமை இலக்கணக் கோட்பாடும், தொடரின் மேற்பரப்பில் எழுவாய் எதுவாயினும் ஆழத்தில் வினைமுதல், கருவி, செயப்படுபொருள் ஆகிய உறவுகள் நிலவுகின்றன என்று கொண்டது. இப்பார்வையில் ‘சம்ஸ்கார’ நாவலின் கதையமைப்பை ஒரே தொடராகச் சுருக்கலாம்: வினை உண்டு, செயப்படுபொருள் உண்டு, நிலமும் காலமும் உண்டு, செய்வோன் இடம் மட்டும் நிரப்பப்படவில்லை.

துர்வாசபுரம் என்னும் மாத்வ அக்கிரகாரத்தில் நாரணப்பன் இறந்துகிடக்கிறான். குலவொழுக்கத்தைத் துறந்து, சாளக்கிராமத்தை ஆற்றில் எறிந்து, சந்திரி என்னும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணோடு வாழ்ந்தவன் அவன். சாதியிலிருந்து விலக்கப்படாமலே இறந்துவிட்டதால் அவனுக்குப் பிராமணனே கிரியை செய்ய வேண்டும். செய்தால் தமக்குத் தீட்டு நேருமோ என ஒவ்வொருவரும் அஞ்சுகின்றனர். பிணம் கிடக்கும் வரை அக்கிரகாரத்தில் எவரும் உண்ணலாகாது.

கன்னடத்திலும் தமிழிலும் கடமையைக் கூற வினைமுதல் தேவையில்லை. ‘சம்ஸ்காரம் ஆகவேண்டும்’ என்று கூறித் தொடரை முடித்துவிடலாம். யாரால் என்பது தொக்கு நிற்கும். அக்கிரகாரத்தாரின் ஒழுக்கம் இத்தகைய தொடரில் வாழும் ஒழுக்கம். சந்திரி தன் நகைகளைக் கிரியைச் செலவுக்கெனக் கழற்றி வைத்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை செய்வோன் இடத்தை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட்ட கருடாசாரியாரும் இலட்சுமணாசாரியாரும் அவ்விடத்துக்குப் போட்டியிடுகின்றனர். தம்முள் வேதாந்த சிரோமணி எனப் போற்றப்படும் பிராணேசாசாரியாரிடம் முடிவை விட்டுவிடுகின்றனர். அவரோ நூல்களிடம் விடுகிறார். நூல்களில் விடை கிடைக்காதபொழுது மாருதியிடம் விடுகிறார். மாருதியும் வாய் திறக்கவில்லை. பொறுப்பு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டே செல்கிறது.

இறுதியில் அக்கிரியை நடந்துவிடுகிறது. சந்திரி முதலில் வண்டிக்காரன் சேசப்பனை வேண்டுகிறாள். பிராமணப் பிணத்தைத் தொட அவன் அஞ்சி மறுக்கிறான். பின் நாரணப்பனிடம் முன்பு உதவி பெற்ற அகமது பாரி என்னும் முசுலிம் வணிகன் உதவ, இருவரும் இரவோடிரவாகப் பிணத்தை எரித்துவிடுகின்றனர். பொழுது விடிந்ததும் அவள் குந்தாபுரம் புறப்பட்டுவிடுகிறாள். அக்கிரகாரத்தார் இதனை அறியாமல் தொடர்ந்து ‘ஆகவேண்டும்’ என்றே பேசிக்கொண்டிருக்கின்றனர். அதே நாட்களில் சேரியிலும் காய்ச்சலால் மக்கள் இறக்கின்றனர். இறந்தவர்களைக் குடிசையோடு வைத்துக் கொளுத்திவிடுகின்றனர். அதைச் சம்ஸ்காரம் என்று எவரும் கூறவில்லை. நாவலில் உண்மையில் நிறைவேறிய இறுதிக் கிரியைகளுள் பல, அக்கிரகாரத்தின் கண்ணில் வினைமுதல் என்னும் தகுதியே இல்லாதவர்கள் செய்தவை. ஆசிரியர் சமுதாயத்தின் மீது வைக்கும் கடுமையான விமரிசனம் இவ்வமைப்பிலேயே அடங்கியுள்ளது. அதற்கென அவர் தனியே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தவில்லை.

4. ஆகுதலும் செய்தலும்

நாவலின் இரண்டாவது அறச்சிக்கல் பிராணேசாசாரியாரின் உள்ளத்தில் நிகழ்வது. மாருதி கோயிலிலிருந்து மனமுடைந்து திரும்பும் அவரைக் காட்டின் இருளில் சந்திரி காலில் விழுந்து வணங்குகிறாள். வாழ்த்த நீண்ட கை தயங்க, இருவரும் கூடுகின்றனர். நோயாளி மனைவி பாகீரதியைப் பல்லாண்டு பேணுவதையே தம் தவமாகக் கொண்டிருந்த ஆசாரியாரின் வாழ்க்கை அக்கணத்தில் திசை மாறுகிறது. பின்னர் அவர் ஓயாது எண்ணிப் பார்ப்பது ஒன்றே. அது தாமாக நிகழ்ந்ததா, தாம் செய்ததா?

திராவிட மொழிகளில் இவ்வினாவுக்கு இலக்கண வடிவம் ஆயத்தமாக உள்ளது. கன்னடத்தில் ‘ஆகு’ என்னும் வினையும், செய்தலைக் குறிக்கும் ‘மாடு’ என்னும் வினையும் எண்ணற்ற பெயர்ச்சொற்களோடு இணைந்து இரட்டை வினைகளைத் தோற்றுவிக்கின்றன. தமிழில் தன்வினை–பிறவினை இணைகளும் இத்தகையவே: திருந்து–திருத்து, மாறு–மாற்று, ஆகு–ஆக்கு. ஒரே நிகழ்ச்சியைச் செய்வோன் இன்றியும் கூறலாம். செய்வோனை முன்னிறுத்தியும் கூறலாம். பேசுபவர் எந்த வடிவைத் தேர்கிறாரோ அதுவே அவர் ஏற்கும் பொறுப்பின் அளவு.

ஆசாரியாரின் அகவோட்டம் முழுவதையும் ‘ஆயிற்று’ என்னும் முற்றிலிருந்து ‘செய்தேன்’ என்னும் முற்றை நோக்கிய பயணமாகக் கொள்ளலாம். முதலில் அவர் தம்மை மீறி நிகழ்ந்த ஒன்றாகவே அதைக் காண்கிறார். பின்னர், கட்டுப்பாடு இழந்த நிலையில் நேர்ந்ததாயினும் அடுத்து என்ன என்று முடிவெடுக்கும் பொறுப்பு தம்முடையதே என உணர்கிறார். தம் விருப்பத்தாலேயே அது நடந்தது என்று தம்மளவில் உறுதி கூற முடியுமானால்தான் விடுதலை என்னும் எல்லை வரை அவர் எண்ணம் செல்கிறது. ‘தான்’ என்னும் வினைமுதலைத் தேடும் தேடல் அது. அதுவரை அவர் கொண்டிருந்த ஒழுக்கமும் ஒருவகையில் ‘ஆகுதல்’ என்பதையே சார்ந்திருந்தது. நோயாளியை மணந்து தாம் பக்குவம் ஆவதாகவே அவர் எண்ணிவந்தார். அவள் அத்தொடரில் ஒரு கருவியாக மட்டுமே இருந்தாள் என்பது தொண்டின் உயர்வில் மறைந்துகிடந்த குறை.

மற்றொரு இலக்கணக் கூறும் இங்குக் கருதத்தக்கது. கன்னடத்தின் ‘எந்து’, தமிழின் ‘என்று’ ஆகிய இடைச்சொற்கள் பாத்திரத்தின் எண்ணத்தை அவ்வாறே எடுத்துக்கூற இடமளிக்கின்றன. இடமாற்றமோ காலமாற்றமோ செய்யவேண்டியதில்லை. எழுவாயும் ‘என்று’ என்பதும் தொக்குவிட்டால், பேசுவது ஆசிரியரா பாத்திரமா எனப் பிரித்தறிய இயலாது. ஆசாரியார் அக்கிரகாரத்தை நீங்கி அலையும் பிற்பகுதியில் எடுத்துரைப்பு பெரிதும் அவர் உள்ளத்துக்குள்ளேயே நகர்கிறது. இதனால் வாசகர் தீர்ப்பளிக்கும் இடத்தில் நில்லாமல் ஐயுறுபவரோடு சேர்ந்து ஐயுறுகிறார்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. சந்திரியின் எண்ணங்கள் சில இடங்களில் கூறப்படினும், இத்தகைய நீண்ட அகவோட்டம் அவளுக்குத் தரப்படவில்லை. நாவலில் மிகுதியாகச் செய்பவள் அவள். மிகுதியாக எண்ணுபவர் ஆசாரியார். செயலின் அறம் அவளிடமும், அறத்தைப் பற்றிய சொல் அவரிடமும் தங்கிவிடுகின்றன. ஆசாரியார் விடை காணாது தவிக்கும் வினாவுக்கு அவள் முன்னரே விடையளித்துவிட்டாள் என்பதை அவர் அறியவே இல்லை. இம்முரண் ஆசிரியர் கருதி அமைத்ததே எனக் கொள்ள இடமுண்டு. ஆயினும் அவள் உள்ளத்தில் நாவல் தங்கும் நேரம் குறைவு என்பதை மறுக்க இயலாது.

5. ஆங்கிலத்தில்

மொழிகள் எதைக் கூற முடியும் என்பதில் அன்றி, எதைக் கூறியே ஆகவேண்டும் என்பதிலேயே அடிப்படையில் வேறுபடுகின்றன என்று உரோமன் யாக்கோப்சன் 1959இல் எழுதினார். ஆங்கிலம் எழுவாயைக் கூறியே ஆகவேண்டிய மொழி. நாவலின் தொடக்கம் பாகீரதியை நீராட்டும் காட்சி. கன்னடமும் தமிழும் ‘நீராட்டி, உடுத்தி’ என வினையெச்சங்களை அடுக்கி, செய்தவரைத் தொடரின் இறுதிவரை ஒத்திவைக்கவல்ல மொழிகள். இராமானுஜனின் ஆங்கிலத்தில் முதற்சொல்லே ஆண்பாற் படர்க்கைப் பதிற்பெயர். இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. இண்டியானா பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, குறுந்தொகைப் பாடல்களையும் கன்னட வசனங்களையும் ஆங்கிலமாக்கிய அவர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். தொடக்கத்திலேயே செய்வோனை நிறுத்துவது அம்மொழியின் விதி.

மரியாதைப் பன்மையும் இவ்வாறே மறைகிறது. கன்னடத்தில் ஆசாரியாரும் நாரணப்பனும் ஒரே விகுதியால் சுட்டப்படுவதில்லை. ஆங்கிலப் பதிற்பெயர் இருவரையும் சமப்படுத்திவிடுகிறது. சமுதாயம் ஒவ்வொரு வினைமுற்றிலும் இட்டுவைத்த படிநிலையை ஆங்கில வாசகர் காண்பதில்லை.

இதன் விளைவு வெறும் நடை சார்ந்ததன்று. வி. எஸ். நைபால் 1977இல் வெளியிட்ட இந்தியா பற்றிய நூலில் இந்நாவலை எடுத்துக்கொண்டு, தனிமனித அகம் முதிராத ஒரு நாகரிகத்தின் சான்றாக ஆசாரியாரைக் கண்டார். கன்னடம் அறியாத அவர் முன் இருந்தது மொழிபெயர்ப்பே. தனக்கு நேர்ந்ததையே எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரை ஆங்கிலத் தொடரின் எழுவாய் இடத்தில் வைத்துப் பார்த்தால், அவர் செயலற்றவராகவே தோன்றுவார். எழுவாயைக் கட்டாயமாக்காத மொழியிலோ அந்நிலை ஒரு தொடக்கம். ‘ஆயிற்று’ என்று கூறிவந்தவர் ‘செய்தேன்’ என்று கூற முயலும் போராட்டமே அகத்தின் பிறப்பு. நைபாலின் முடிவுக்கு அவருடைய முற்கருத்துகளும் காரணமாகலாம். எனினும் ஒரு சமுதாயத்தின் அறவுணர்வைப் பற்றிய தீர்ப்பு, வினைமுற்றின் வடிவத்தை அறியாமல் வழங்கப்படலாகாது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

6. திரையில்

இந்நாவலுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு இருவழிப்பட்டது. பர்மிங்காமில் ஆய்வு மாணவராக இருந்தபொழுது இங்மார் பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’ (1957) என்னும் சுவீடியப் படத்தைத் துணையுரை இன்றிப் பார்த்த அனுபவமே இந்நாவலுக்குத் தூண்டுகோல் என அனந்தமூர்த்தி கூறியுள்ளார். கொள்ளைநோயும் இறைவனின் மௌனமும் அப்படத்திலும் உண்டு. மொழி புரியாமல் பார்த்த ஒரு படத்திலிருந்து, முற்றிலும் மொழியை நம்பிய ஒரு நாவல் பிறந்தது.

அந்நாவலைப் படமாக்கிய பட்டாபிராம ரெட்டி தெலுங்குக் கவிஞர். திரைக்கதையை எழுதிப் பிராணேசாசாரியாராக நடித்தவர் நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட். நாரணப்பனாக நடித்தவர் எழுத்தாளர் பி. இலங்கேஷ், சந்திரியாகத் தோன்றியவர் சினேகலதா ரெட்டி. ஆத்திரேலியரான டாம் கோவன் கறுப்பு வெள்ளையில் ஒளிப்பதிவு செய்தார். சென்னைத் தணிக்கைக் குழு படத்துக்குத் தடை விதித்தது; பின்னர் நடுவண் அரசின் தலையீட்டால் அத்தடை நீங்கியது. 1970ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதையும் இப்படம் பெற்றது.

கருத்து மாறுபாட்டை எழுப்பிய அச்சுநூல் விற்பனையில் இருக்க, அதே கதையைக் கூறிய படம் தடைக்குள்ளானதன் காரணங்களுள் ஒன்று திரையின் இலக்கணத்திலேயே உள்ளது. திரையில் தோன்றா எழுவாய் அரிது. நாவல் ‘உண்டனர்’ என்று கூறி நிறுத்தலாம். படம் உண்ணும் வாயைக் காட்டவேண்டும். காட்டின் இருளில் எவர் கை முதலில் நீண்டது என்பதை நாவல் இரு உள்ளங்களின் குழப்பத்தில் கரைத்துவிடலாம். படமாக்குபவரோ ஏதேனும் ஒரு கையை முதலில் காட்டவேண்டும், அல்லது காட்சியை இருளால் மூடவேண்டும். மூடுவதும் ஒரு தேர்வே. ‘ஆயிற்று’ என்பதற்கு நேரான படச்சட்டம் எளிதில் அமைவதில்லை. சடங்குக்குச் செய்வோனைத் தேடும் அக்கிரகாரத்தின் தயக்கமும் ஒவ்வொரு முகமாகத் திரையில் பதிவாகிறது. இன்னார் எனப் பெயர் சுட்டாத குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் சமுதாயம், முகத்தோடு கூடிய குற்றத்தைப் பொறுப்பதில்லை.

இழப்பும் ஈட்டமும் இங்குச் சேர்ந்தே வருகின்றன. ஆசாரியாரின் ஐயத்தை நாவல் பக்கம் பக்கமாகத் தொடர்வதுபோல் திரை தொடர முடியாது. நடிகரின் முகத்தையும் மௌனத்தையும் கொண்டு வாசகர் அறிந்ததில் ஒரு பகுதியையே பார்வையாளர் ஊகிக்க வேண்டும். ஆனால் அதே வரம்பு சந்திரிக்கு நீதி செய்கிறது. நாவலில் அகவோட்டம் பெற்ற ஆசாரியாரும் அது மிகுதியாகப் பெறாத சந்திரியும் திரையில் ஒரே அளவுள்ள சட்டத்துக்குள் வந்து நிற்கின்றனர். இருவருக்கும் முகம் உண்டு. எவர் நெஞ்சும் முழுமையாகத் திறக்கப்படுவதில்லை. எண்ணுபவரைவிடச் செய்பவருக்கு ஒளிப்படக் கருவி இயல்பாகவே மிகுந்த இடம் தருகிறது. இறந்தபின்னரே கதைக்குள் வரும் நாரணப்பனும் பின்னோக்குக் காட்சிகளில் உடலும் குரலும் உடைய மனிதனாகிறான். அவன் எழுப்பிய வினாக்களை ஆசாரியாரின் நினைவு என்று ஒதுக்கிவிட முடிவதில்லை.

7. தமிழாக்குவோருக்கு

ஆங்கில வாயிலாக அன்றிக் கன்னடத்திலிருந்து நேரே தமிழாக்குவோருக்கு ஆங்கிலத்துக்குக் கிட்டாத ஒரு வாய்ப்பு உண்டு. கன்னடத்தின் பிடு, கொள்ளு, ஹோகு ஆகிய துணைவினைகளுக்குத் தமிழில் விடு, கொள், போ ஆகியன நேர். ‘ஆகிப்போயிற்று’, ‘நடந்துவிட்டது’, ‘செய்துவிட்டேன்’, ‘செய்துகொண்டேன்’ ஆகிய நான்கும் ஒரே நிகழ்ச்சியைக் கூறக்கூடியவை. முதலாவது கைமீறிய இழப்பைக் காட்டும். இரண்டாவது திரும்பப் பெற இயலாமையைக் காட்டும். மூன்றாவது அவ்வியலாமையோடு செய்வோனையும் ஏற்கும். நான்காவது செயலின் பயன் செய்தவனையே சாரும் என ஒப்புக்கொள்ளும். ஆசாரியாரின் மாற்றத்தை இத்துணைவினைகளின் வரிசையிலேயே உணர்த்தமுடியும். நயத்துக்காக இவற்றை மாற்றி மாற்றி அமைக்கும் மொழிபெயர்ப்பு, அறியாமலே பாத்திரத்தின் மனச்சான்றைக் கலைத்துவிடும்.

தொக்க எழுவாயைத் தெளிவுக்கென நிரப்பும் வழக்கமும் தவிர்க்கத்தக்கது. ‘அவர்’, ‘அவன்’ எனப் பதிற்பெயர்களைப் பெய்துகொண்டே சென்றால் ஆங்கிலத்தின் கட்டாயத்தைத் தமிழும் வலிந்து ஏற்றதாகும். துணையுரை எழுதுவோருக்கும் இது பொருந்தும். திரையில் முகம் தெரியும் இடத்தில் உரையில் எழுவாய் வேண்டியதில்லை. முகம் தெரியாத இடத்தில் அதைச் சேர்ப்பது இயக்குநர் மறைத்ததை வெளிப்படுத்துவதாகும்.

8. முடிவுரை

‘சம்ஸ்கார’ நாவல் முடிவில்லாமல் முடிகிறது. மேளிகைத் திருவிழாவில் தம்மை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டபின், ஆசாரியார் அக்கிரகாரத்தாரிடம் அனைத்தையும் கூறும் எண்ணத்தோடு துர்வாசபுரம் நோக்கி வண்டியில் செல்கிறார். அங்கு அவர் ‘ஆயிற்று’ என்பாரா, ‘செய்தேன்’ என்பாரா என்பதை ஆசிரியர் கூறவில்லை. எரிக்க வேண்டிய பிணம் இப்பொழுது அங்கு இல்லை என்பதையும், அதை எரித்தவள் எவள் என்பதையும் வாசகர் அறிவர், அவர் அறியார்.

மனித இயல்பையும் அறத்தையும் ஆராய நாவலுக்குக் கிடைத்த கருவி, செய்வோனை மறைக்கவும் மெல்ல வெளிப்படுத்தவும் வல்ல வினைமுற்று. திரைப்படத்துக்குக் கிடைத்த கருவி, எவரையும் மறைக்கவியலாத முகம். முன்னது பொறுப்பை ஏற்கும் உள்ளத்தின் நீண்ட வழியைக் காட்டுகிறது. பின்னது பொறுப்பை முன்னரே ஏற்றுச் செய்து முடித்தவரைக் காட்டுகிறது. ஒன்றை மற்றொன்றின் நகலாகக் கருதி மதிப்பிடும் திறனாய்வு இவ்விரு பயன்களையும் இழக்கும். மொழிபெயர்ப்பாளர் பொருளை மட்டும் பெயர்த்து வினைவடிவத்தைக் கைவிடுவாராயின், கதை வந்துசேரும். அதன் அறவினா மூலமொழியிலேயே தங்கிவிடும்.